எலுமிச்சை ஆராய்ச்சிக்குப் போகலாமா, வங்கித் தேர்வு எழுதலாமா?

தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 25 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தோட்டக்கலையில், பழவியல் பிரிவில் முதுகலை முடித்து நெட் தேர்வும் தேறியவர். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் எலுமிச்சை. காய் புளியங்குடி மார்க்கெட்டுக்குப் போகிறது. சில ஆண்டுகளாகச் சொறி நோயால் காய்க்கு விலை கிடைப்பதில்லை, மரங்களும் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. வேறு மாநிலத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் எலுமிச்சைக்கான வேர்ச்செடித் திட்டத்தில் (வேர்ச்செடி என்பது, நல்ல ரகத்தின் மொட்டை மேலே ஒட்டுவதற்காக வேரோடு வளர்க்கும் அடிச்செடி) இவருக்கு இளநிலை ஆய்வாளர் இடம் கிடைத்திருக்கிறது. 3 ஆண்டுத் திட்டம், மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். கூடவே பிஎச்.டி. பதிவும் செய்துகொள்ளலாம். இன்னொரு பக்கம், பூச்சிமருந்துக் கம்பெனி ஒன்று 45,000 சம்பளமும் பைக்கும் தருவதாகச் சொல்கிறது. மாமாவோ, "பேங்க்ல அக்ரி ஆபீசர் பரீட்சை எழுது, பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கும் அதுதான் புரியும்" என்கிறார். கல்யாணம் தள்ளிப்போகுமோ என்பது அம்மாவின் கவலை.

வாசகி கேட்பவை இவை: 3 ஆண்டில் சொறி தாங்கும் ரகத்தைக் கண்டுபிடித்து அப்பாவின் தோட்டத்தைக் காப்பாற்ற முடியுமா? ஒரே பயிரில் சிக்கிக்கொண்டால் பிறகு வேலை கிடைக்குமா? புது ரகம் வந்தால் அதன் உரிமை யாருக்கு? ஃப்ளோரிடாவில் வேலை பார்க்கும் பெரியப்பா மகன், "அங்கிருந்து நல்ல வேர்ச்செடிக் குச்சி கொண்டு வர்றேன்" என்கிறாரே, வாங்கலாமா? கடைசியாக, அப்பாவின் தோட்டத்தில் கிணற்றடியில் நிற்கும் ஒரு மரத்தில் மட்டும் சொறி அதிகம் வருவதில்லை. நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் அதில் பதியம் போட்டுத் தரச் சொல்லி முன்பணம் நீட்டுகிறார். என்ன செய்வது?

அன்புள்ள வாசகிக்கு,

நானும் எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற சிட்ரஸ் பயிர்களில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்தான். அதனால் உங்கள் முதல் கேள்வியைப் படித்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. நானும் அதே கனவோடுதான் சேர்ந்தேன்.

3 ஆண்டில் கிடைப்பதும் கிடைக்காததும்

ஒரு எலுமிச்சை விதையை ஊன்றிப் பாருங்கள். பல விதைகளில் ஒன்றுக்கு இரண்டு மூன்று முளைகள் எட்டிப் பார்க்கும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையில் பிறந்தவை அல்ல. தாய்மரத்தின் திசுவிலிருந்தே கிளம்பிய அச்சு நகல்கள். கலப்பில் பிறந்த உண்மையான குழந்தை பல நேரம் அந்த நெரிசலில் நோஞ்சானாக நின்று செத்துப்போகும். விவசாயிக்கு இது வரம், ஏனென்றால் விதை போட்டாலும் தாய் மாதிரியே மரம் வருகிறது. ரகம் உருவாக்க நினைப்பவருக்கு இதுவே பெரிய முட்டுக்கட்டை. தப்பிப் பிழைத்த கலப்பினக் கன்றும் பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதன்பின் பல பருவங்கள் காய்ப்பைப் பார்க்க வேண்டும், வேறு ஊர்களில் நட்டுப் பார்க்க வேண்டும்.

கின்னோ என்ற கமலா ஆரஞ்சுக் கலப்பினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில் ஹெச். பி. ஃப்ராஸ்ட் என்ற விஞ்ஞானி அந்தக் கலப்பைச் செய்தது 1915-ல். ரகமாக வெளியிட்டது 1935-ல். இடையில் இருபது ஆண்டுகள். அது பஞ்சாபின் அபோகருக்கு வந்தது 1950-களில். இன்று வட இந்தியப் பழக்கடையில் மலை மாதிரி குவிந்து கிடக்கும் கின்னோ, பிறந்த ஊரில் பெரிதாகப் பேர் வாங்கவில்லை. குறுக்கு வழியாகக் கதிர்வீச்சு முறையைப் பிடித்தாலும் அதே கதைதான். அதே ரிவர்சைடில் 1995-ல் மொட்டுக்குச்சிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தேர்ந்தெடுத்த டாங்கோ என்ற விதை குறைந்த கமலா ரகம் வெளிவந்தது 2006-ல்.

உங்கள் திட்டமோ வேர்ச்செடித் திட்டம். அதில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். வேர்ச்செடி வேர் அழுகலையும் மண்ணின் உப்பையும் தாங்க உதவும், மரத்தின் ஆயுளைக் கூட்டும். சொறி வருவது இலையிலும் காயிலும் மேல் குச்சியிலும். கீழே வேரை மாற்றி அதை நிறுத்த முடியாது. 3 ஆண்டில் நீங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடியது நாற்றங்கால் நிலை முடிவுகள் மட்டுமே: எந்த வேர்ச்செடியில் மொட்டு நன்றாகப் பிடிக்கிறது, வேர் அழுகல் பூஞ்சாணத்தை ஊற்றினால் எது தாங்குகிறது, உப்புத் தண்ணீரில் எது வாடுகிறது. விளைச்சலைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. அதனால் இது வீண் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல பிஎச்.டி.க்கு இது தாராளமாகப் போதும். அப்பாவிடம் மட்டும் "மூணு வருஷத்துல மருந்து கொண்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

அப்பாவின் தோட்டத்துக்கு இப்போதைக்கு வேண்டியது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. சாரலுக்கு முன்னால் சொறி பிடித்த குச்சிகளை வெட்டி எரிப்பது, ஒவ்வொரு தளிர் விடும்போதும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்பது, தளிரில் பாம்பு ஊர்ந்த மாதிரி கோடு போடும் இலைத்துளைப்பானை அடக்குவது. அந்தப் புழு கிழித்த காயத்தின் வழியாகத்தான் சொறி பாக்டீரியா சுலபமாக உள்ளே போகிறது. காற்று அடிக்கும் பக்கம் வேலி மரம் இருந்தால் இன்னும் நல்லது. வன்னிக்கோனேந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிட்ரஸ் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அப்பாவை ஒரு நாள் பஸ் ஏற்றி அழைத்துப் போங்கள். மகள் சொல்லிக் கேட்காத அப்பாக்கள்கூட அங்கே ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தால் கேட்பார்கள்.

ஒரே பயிர் என்ற பயம்

இந்தியாவில் உங்களை வேலைக்கு எடுப்பவர்கள் பயிரைப் பார்த்து எடுப்பதில்லை, துறையைப் பார்த்து எடுக்கிறார்கள். மத்திய வேளாண் ஆராய்ச்சிப் பணிக்கான தேர்வை நீங்கள் எழுதுவது பழவியல் என்ற பிரிவில். தேறினால் நாக்பூரிலுள்ள மத்திய சிட்ரஸ் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அனுப்பலாம், திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்கும் அனுப்பலாம், லக்னோவுக்கு மாம்பழம் பார்க்கவும் அனுப்பலாம். அப்போது உங்களைக் காப்பாற்றுவது எலுமிச்சை அல்ல. கையில் இருக்கும் வித்தை: ஒட்டுக்கட்டத் தெரிவது, வயல் பரிசோதனையைத் திட்டமிட்டுப் புள்ளியியலோடு அலசத் தெரிவது, பிசிஆர் கருவியில் வைரஸைக் கண்டுபிடிக்கத் தெரிவது. இந்த மூன்றையும் பிஎச்.டி. முடிவதற்குள் கற்றுக்கொண்டவருக்குப் பயிர் மாறுவது பெரிய விஷயமே இல்லை.

சிட்ரஸும் நீங்கள் நினைப்பது போல் சின்ன உலகம் இல்லை. திருப்பதி, அகோலா, லூதியானா, அசாமின் தின்சுகியா என்று நாடு முழுக்க இதற்கான மையங்கள் இருக்கின்றன. குடகு கமலா படிப்படியாக அழிந்துவரும் பிரச்சினைக்கென்றே செட்டள்ளியில் பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பா தோட்டத்தில் நிற்கும் அதே இன எலுமிச்சையைத்தான் உலகம் முழுக்க ஆய்வகங்களில், சிட்ரஸ் மரங்களை வாட்டிக் கொல்லும் ட்ரிஸ்டெசா வைரஸைக் காட்டிக்கொடுக்கும் செடியாக வளர்க்கிறார்கள். சந்தேகமான மரத்தின் மொட்டை அதில் ஒட்டினால், வைரஸ் இருந்தால் இளம் இலையின் நரம்புகள் விட்டுவிட்டு வெளுத்துத் தெரியும். ஊரில் மூட்டை கட்டி அனுப்பும் காய்க்கு இப்படி ஒரு மரியாதை!

பயப்பட வேண்டிய இடம் வேறு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஃப்ளோரிடாவில் 1998-ல் சைலா என்ற சாறு உறிஞ்சும் பூச்சி வந்தது. 2005-ல் அது பரப்பும், சிட்ரஸ் மரத்தை மெல்ல அழிக்கும் பச்சையாதல் நோயைக் கண்டார்கள். 1997-98 பருவத்தில் 24 கோடிப் பெட்டிக்கு மேல் விளைந்த ஆரஞ்சு, 2024-25-ல் சுமார் 1.2 கோடிப் பெட்டியாகச் சரிந்தது. நோய் வந்ததும் ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியது, இளம் விஞ்ஞானிகளுக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி, விவசாயிகள் பெட்டிக்கு இவ்வளவு என்று கட்டும் வரியிலிருந்து வந்தது. பெட்டி குறைந்தால் வரியும் குறையும். பயிருக்கு நோய் வந்தால் அதைப் படித்தவருக்கு மவுசு என்று யாராவது சொன்னால் பாதி மட்டும் நம்புங்கள். மவுசு வரும், ஆனால் இரண்டு மூன்று ஆண்டுத் திட்டங்களாக வரும். நிரந்தர வேலைக்கான அறிவிப்பு எப்போது வரும் என்பது யார் கையிலும் இல்லை. 30 வயதில், பிஎச்.டி. பட்டத்தோடு, அடுத்த ஒப்பந்தம் நீளுமா என்று காத்திருக்கும் பிள்ளைகளை எனக்கு நிறையத் தெரியும். வேலை கிடைத்துவிட்டால் நல்ல வேலை. மத்திய விஞ்ஞானி பதவியில் அடிப்படைச் சம்பளமே 57,700-ல் தொடங்குகிறது. கிடைக்கும் வரைக்கும்தான் பாடு.

அண்ணன் கொண்டுவரும் குச்சி

வேண்டாம். இதில் "யோசித்துப் பாருங்கள்" என்று சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

சட்டப்படி, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைக்குக் கீழே, வெளிநாட்டுக் குச்சி எதுவும் இறக்குமதி அனுமதியும் அந்நாட்டுச் சுகாதாரச் சான்றும் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. ஆராய்ச்சிக்கென்றால் டெல்லியிலுள்ள தேசியத் தாவர மரபுவள அமைப்பின் வழியாக உங்கள் நிறுவனம் விண்ணப்பிக்கும். குச்சி வந்தபின் தனிமைப்படுத்திச் சோதிப்பார்கள். அண்ணன் பெட்டியில் துணிக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்து பிடிபட்டால் சிக்கல் அவருக்கு மட்டுமில்லை, உங்கள் வேலையும் போகும்.

சட்டத்தை விடுங்கள். அவர் எடுத்து வருவது எங்கிருந்து? பச்சையாதல் நோய் மாநிலம் முழுக்கப் பரவிய ஃப்ளோரிடாவிலிருந்து. அந்த நோய் நம் நாட்டிலும் இருப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே இல்லாத வகை எது, அதோடு ஒட்டிக்கொண்டு வேறு என்ன வரும் என்பது குச்சியைப் பார்த்தால் தெரியாது. 1930-களில் அர்ஜென்டினாவிலும் பிரேசிலிலும் லட்சக்கணக்கான மரங்கள் வாடிச் சரிந்தன. கசப்பு ஆரஞ்சு வேர்ச்செடியில் கட்டிய மரங்கள் எல்லாம் போயின. நோய்க்கு ட்ரிஸ்டெசா, அதாவது 'துக்கம்' என்று பெயர் வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த செடிகளோடு வைரஸ் உள்ளே நுழைந்தது, அசுவினி அதைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனது. பூச்சிதான் பரப்புகிறது என்று 1946-ல் நிரூபித்தபோது தோப்புகள் ஏற்கெனவே விறகாகியிருந்தன. அண்ணனுக்கு ஆசை காட்டி ஏமாற்றாதீர்கள். இன்றே போன் போட்டு "வேண்டாண்ணா" என்று சொல்லிவிடுங்கள்.

கிணற்றடி மரம் யாருடையது?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நீங்கள் அதைக் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் நீங்கள் கேட்ட உரிமையைப் பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் சம்பளத்திலோ உதவித்தொகையிலோ இருந்து உருவாக்கிய ரகத்தின் உரிமை பொதுவாக நிறுவனத்துக்கே. உருவாக்கியவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வரும், வர வேண்டும். அந்த ரகம் கோடி ரூபாய்க்கு விற்றாலும் அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. வருமானத்தில் ஒரு பங்கு விஞ்ஞானிகளுக்குக் கிடைக்கும்படி சில நிறுவனங்களில் விதி உண்டு. கிடைத்தால் மகிழ்ச்சி, அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள்.

கிணற்றடி மரத்தின் கதை வேறு. அது நீங்கள் ஆராய்ச்சியில் சேருவதற்கு முன்பே அப்பாவின் நிலத்தில், அப்பா கண்டறிந்த மரம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், விவசாயி ரகம் என்று அவர் பெயரிலேயே பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது. மரப் பயிர்களுக்குப் பாதுகாப்புக் காலம் 18 ஆண்டுகள். ஆனால் அது தனி ரகம்தான் என்று காட்டியாக வேண்டும். பார்க்க நல்ல மரமாக இருப்பது போதாது.

இங்கேதான் நீங்கள் அவசரப்படுவதாகத் தோன்றுகிறது. அந்த மரத்தில் சொறி குறைவாக இருப்பதற்கு மரத்தின் குணம் காரணமாக இருக்கலாம். கிணற்றுச் சுவரும் பக்கத்துப் புளியமரமும் காற்றையும் சாரலையும் மறைப்பது காரணமாகவும் இருக்கலாம். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மேற்குப் பக்கம் புளியமரம் நிற்கிறது என்று. சொறி பரவுவதே மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போதுதான். மறைவில் நிற்கும் மரம் தப்பிப்பதில் அதிசயம் இல்லை. அதிலிருந்து எடுத்த பத்துப் பதியங்களைத் தோட்டத்தின் திறந்த பக்கத்தில், மற்ற மரங்களோடு மாற்றி மாற்றி நட்டு, இரண்டு மூன்று மழைக்காலம் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அதுவரை நாற்றுப்பண்ணைக்காரரிடம் முன்பணம் வாங்காதீர்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. அந்தக் கன்றுகள் "சொறி வராத எலுமிச்சை" என்ற பெயரில் ஊரெல்லாம் விற்று, நாளைக்கு அவற்றில் சொறி வந்தால், பேச்சு வாங்குவது அவரல்ல, அப்பாதான்.  திட்டத்தில் சேர்ந்தபின் அந்த மரத்தை அங்கே சோதிக்க நினைத்தால், குச்சியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். யாருடைய தோட்டம், எந்த ஊர், எந்தத் தேதி, விவசாயி பெயர் என்ன என்று எழுத்தில் கொடுத்து, நிறுவனத்தின் ஒப்புகையை வாங்கிக்கொண்ட பிறகே கொடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன்

என் முடிவைக் கேட்டால், ஆராய்ச்சிக்குப் போங்கள் என்பேன். கணக்கு எளிது. வங்கியின் வேளாண் அலுவலர் தேர்வுக்கு வயது வரம்பு 30, பிற்படுத்தப்பட்ட பிரிவானால் 3 ஆண்டு தளர்வும் உண்டு. அந்தக் கதவு இன்னும் சில ஆண்டுகள் திறந்தேதான் இருக்கும். இந்தத் திட்டத்தின் கதவு இந்த மாதத்தோடு மூடிவிடும். கம்பெனி வேலையை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன், விவசாயியிடம் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலை அது. ஆனால் மாத இலக்கை எட்டச் சொந்தக்காரர் தோட்டங்களுக்கே வேண்டாத மருந்தை எழுதிக்கொடுக்க வேண்டிய நாள் வரும். உங்கள் கடிதத்தின் தொனியைப் பார்த்தால் அதில் தூக்கம் கெடும் ஆள் நீங்கள். ஒன்றைத் தேர்ந்துகொண்டால் முதல் இரண்டு ஆண்டு அதிலேயே நில்லுங்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று பிஎச்.டி.யும் வங்கிப் பயிற்சி வகுப்புமாக ஓடியவர்கள் இரண்டையும் பாதியில் விட்டதைத்தான் பார்த்திருக்கிறேன்.

சேருவதற்கு முன் வழிகாட்டியிடம் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்க வேண்டாம்.

முதல் கேள்வி, பணம். திட்டம் 3 ஆண்டு, பிஎச்.டி. பெரும்பாலும் நான்கைத் தாண்டும். முதல் இரண்டு ஆண்டு 37,000, பிறகு 42,000 என்பது விதி. திட்டம் முடிந்தபின் என்ன ஏற்பாடு? "பார்த்துக்கலாம்மா" என்பதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, அவருக்குப் பணி ஓய்வு எப்போது, இடமாற்றம் வர வாய்ப்பு உண்டா என்பது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நிலையத்தில் ஆறு வேர்ச்செடிகளை ஒப்பிடும் பரிசோதனையை நட்டேன். ஐந்தாம் ஆண்டு, முதல் நல்ல காய்ப்பு வந்த நேரம், மாற்றல் உத்தரவு வந்தது. ஒன்பது ஆண்டு கழித்து ஒரு கூட்டத்துக்காக அந்த ஊருக்குப் போனபோது ஓடிப்போய்ப் பார்த்தேன். மரங்கள் நின்றன, நன்றாகவே நின்றன. எது எந்த வேர்ச்செடி என்று எழுதி மரத்தில் கட்டிய அலுமினியத் தகடு ஒன்றுகூட இல்லை. செத்த மரங்களின் இடத்தில் யாரோ கையில் கிடைத்த கன்றை நட்டுச் சொட்டுநீரும் போட்டிருந்தார்கள். எந்த மரம் எந்த வேரில் நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. பதினான்கு ஆண்டு வளர்ந்த மரங்களிலிருந்து ஒரு வரி முடிவுகூட எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து வயல் வரைபடத்தை மூன்று இடத்தில் வைப்பது என் வழக்கம்: அலுவலகக் கோப்பில் ஒன்று, வீட்டில் ஒன்று, வயல் வேலையாட்களின் மேஸ்திரியிடம் ஒன்று. மேஸ்திரியின் பிரதிதான் கடைசிவரை கிழியாமல் இருக்கும்.

மூன்றாவது, அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேரின் எண்ணை வாங்கி நேரடியாகப் பேசுங்கள். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருக்குப் போகிறது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

அம்மாவின் கவலையைப் பற்றி ஒரு வார்த்தை. திருமணத்தைத் தள்ளிப்போடச் சொல்லவும் மாட்டேன், அவசரப்படுத்தவும் மாட்டேன். வரன் பேசும்போது, அடுத்த ஐந்து ஆண்டில் ஊர் மாறலாம், வயலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுப் பின்வாங்கும் வீடு முதல் நாளே பின்வாங்குவது உங்களுக்கு நல்லது.

நாக்பூரோ லூதியானாவோ, நீங்கள் கிளம்புவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். கிணற்றடி மரத்திலும், அதே வயதுள்ள, திறந்த பக்கத்து மரங்கள் நான்கிலும், நான்கு திசைக்கும் 25 இலை என்று மரத்துக்கு 100 இலை பாருங்கள். ஒவ்வொரு இலையிலும் எத்தனை சொறிப் புள்ளி என்று எண்ணி நோட்டில் எழுதுங்கள். கிணற்றடி மரத்தில் மேற்குப் பக்க எண்ணிக்கையைத் தனியாகக் குறியுங்கள், புளியமரம் மறைக்கும் பக்கம் அது. அடுத்த எண்ணிக்கையைச் சாரல் ஓய்ந்ததும் அப்பா எடுக்கட்டும். எப்படி எண்ணுவது என்று அவருக்கு ஒரு முறை காட்டிக்கொடுத்து, நோட்டை அவரிடமே விட்டுவிட்டுப் போங்கள்.